ஒரு விரலில் திறக்கும் கத்தி

குகனின் வலது கை முழங்கை வரைக்கும் முனியாண்டியின் சிவப்புத் துணிக்குள் இருந்தது.

"சாமி, கோவிச்சுக்காத. நான் எடுக்க வந்தது உன்னுது இல்ல" என்று முணுமுணுத்தபடியே துழாவினான்.

விரல்களில் தட்டுப்பட்டதெல்லாம் அரிவாள்தான். வேண்டுதலுக்காக யார் யாரோ நட்டுவைத்த அரிவாள்கள் குட்டையும் நெட்டையுமாக, துருப்பிடித்தும் பளபளத்தும் சிமெண்டு மேடை முழுக்க நின்றன. அவற்றின் அடியைச் சுற்றித்தான் அந்தத் துணி கட்டியிருந்தது. அதற்குள் எங்கோ ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. அரிவாள் கூட்டத்துக்குள் கைவிட்டுக் கத்தி தேடுகிற வேலைக்கு எந்தக் கம்பெனியும் இன்ஷூரன்ஸ் தராது.

சுற்றிலும் செம்பனை மரங்கள். சுங்கை ரம்பாய் பக்கம் அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் போய், தொழிலாளர் குடியிருந்த லயம் இடிந்து, ஆட்களும் டவுனுக்குப் போய்விட்டார்கள். கோயிலில் மட்டும் யாரும் கைவைக்கத் துணியவில்லை. சாயங்கால வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தாலும், மழை மேகம் வந்து மூடியதில் மட்டைகளுக்குக் கீழே ஒரே இருட்டு. கொஞ்சம் முன்புவரை கத்திக்கொண்டிருந்த பறவைகள் எல்லாம் ஒரேயடியாக நிறுத்திவிட்டன. குகனுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

கைப்பேசியில் லைன் இல்லை. காலில் செருப்பும் இல்லை. செருப்பு, கோயில் எல்லைக்கல்லுக்கு வெளியே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. செம்மண் பாதை முடிவில் காரோடு நிற்கிற பவானேஸ்வரி அக்காவோ, அங்கிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில்.

"யாராச்சும் வந்தா ஹாரன் அடிக்கிறேன்" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

ஹாரன் அடித்தது.

நீளமாக ஒன்று. அடுத்தது பாதியிலேயே அறுந்துபோனது.

மறுபடி அடிக்கும் என்று காது கொடுத்துக் காத்திருந்தான். அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் செம்பனை வரிசைகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து வந்தது.

துணிக்குள் விரல்கள் இன்னும் வேகமாகத் துழாவின. அரிவாள் பிடி. இன்னொரு பிடி. பாதி சுருட்டு. பிறகு ஒரு சின்ன முடிச்சு!

உருவினான். மஞ்சள் துணி. அவிழ்த்தான். உள்ளங்கை நீளத்துக்குச் சாம்பல் நிற உலோகம். மூடிய கத்தி. அதன் முதுகில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம், பூஜைத் தட்டிலிருந்து இப்போதுதான் எடுத்தது மாதிரி.

லோரி டிரைவர் விமலனின் வாழ்க்கை இப்போது குகன் கையில் இருந்தது. நாளைக் காலையில் ஆயர் குரோ நீதிமன்றத்தில் விமலனை நிறுத்தப்போகிறார்கள். அதற்குள் இந்தக் கத்தி போலிஸ் மேசைக்குப் போக வேண்டும். இல்லையென்றால், முதலாளியைக் குத்திய பாவி என்று அவன் தலையில் எழுதிவிடுவார்கள்.

மோட்டார் சைக்கிள் நின்றது. எஞ்சின் அணைந்தது.

குகன் மூச்சை நிறுத்திக்கொண்டு மேடைக்குப் பின்னால் குந்தினான். காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

*

காலையில் செர்காமில், ஒரு மலிவுவிலை வீட்டின் சின்ன ஹாலில், விமலனின் மனைவி தேவிஸ்ரீ அழுது முடித்திருந்தாள்.

"கத்தியை ஏம்மா ஒளிச்சு வச்ச?" என்று கேட்டாள் பவானேஸ்வரி. முன்பு இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விசாரித்தவள், இப்போது மலாக்கா டவுனில் தனியாகத் துப்பறிகிறாள். எதைக் கேட்டாலும் கறிவேப்பிலை விலை கேட்கிற குரலில்தான் கேட்பாள். வாயில் எப்போதும் ஆசாம் போய் என்கிற புளிப்பு உலர்பழம் ஒன்று உருண்டுகொண்டிருக்கும்.

"பயம்க்கா. ஆயுத பூஜைக்கு லோரி யார்டுல எல்லா டிரைவரும் சாமானை வச்சுக் கும்பிட்டாங்க. இவரும் கத்தியை வச்சாரு. மறுநாள் மத்தியானம் இவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். அப்பவே பூஜைத் தட்டோட கத்தியையும் நான் எடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம்தான். முதலாளியைக் குத்திட்டாங்க, உன் புருஷனைப் பிடிச்சுட்டாங்கன்னு போன் வருது. போலிஸ் வந்து கத்தி எங்க, கத்தி எங்கன்னு கேக்குது. கத்தியோ என் கூடையில! இதுதான் குத்துன கத்தின்னு சொல்லிடுவாங்களேன்னு பயந்து, தெரியாதுன்னுட்டேன். அப்புறம் ஓடிப்போய் முனியாண்டிகிட்ட வச்சுட்டேன். அங்க எவனும் கை வைக்க மாட்டான்லா."

"பிரமாதம்" என்றான் குகன். அவன் பவானேஸ்வரிக்கு டிரைவர், உதவியாளர், வாய். "குத்தாத கத்தியை ஒளிச்சுவச்சு, குத்துன கத்தியா ஆக்கிட்டீங்க."

பவானேஸ்வரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். குகன் வாயை மூடிக்கொண்டான். அதிக நேரம் மூடியிருக்க முடியவில்லை.

"ஒரு சந்தேகம்க்கா. லோரி ஓட்டுற மனுஷனுக்கு ஒரு மாசச் சம்பளத்துல எதுக்குக் கத்தி? பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில, அதே உருவத்துல, அதே கலர்ல குவிச்சு வச்சு விக்கிறான். ஒரு தட்டு மீ கோரிங் நூடுல்ஸ் விலைதான்."

தேவிஸ்ரீயின் முகம் சட்டென்று இறுகியது.

"நானும் அதைத்தான் கேட்டேன் தம்பி. ஒரு வாரம் அவர்கூடப் பேசவே இல்ல. தஞ்சோங் கிளிங் ரோட்ல லோரி கவுந்துச்சுல்ல, அப்ப அவர்கிட்ட இருந்தது பாசார் மாலாம் கத்திதான். பெல்ட்டு இறுக்கிருச்சு, எடது கை ஸ்டீரிங்ல மாட்டி ஒடைஞ்சிருச்சு, டீசல் ஒழுகுது. கத்தியை எடுத்து பெல்ட்டை அறுக்கப் போனா, பூட்டு விட்டுருச்சு. கத்தி மடங்கி அவரு விரலையே வெட்டிருச்சு. யாரோ மீன்காரர் வந்து அறுத்து எடுத்தாரு. ஆஸ்பத்திரியில விரலைக் காட்டி, 'மலிவுக் கத்தி எதிரியை வெட்டாது தேவி, வச்சிருக்கவனத்தான் வெட்டும்'னாரு. வெளிய வந்ததும் மொத வேலையா இதை வாங்குனாரு. ஒரு விரல்ல திறக்கும், பூட்டுனா யானை மிதிச்சாலும் மடங்காதுன்னு யார்டு முழுக்கக் காட்டினாரு."

தேவிஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"இப்ப அதுதான் வினையா நிக்குது. இவருக்கு ஒரு கை மாவுக்கட்டுல இருக்கே, மடக்குக் கத்தியை எப்படித் திறந்திருப்பாருன்னு இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். 'ஒரு கை போதும்னு உன் புருஷனே எல்லார்கிட்டயும் காட்டியிருக்கானேம்மா'ன்னாரு. நான் என்ன பதில் சொல்ல?"



"எடுத்துட்டு வந்ததுக்கு அப்புறம் கத்தியைத் துடைச்சியாம்மா?" என்றாள் பவானேஸ்வரி.

"இல்லக்கா. சாமி பொட்டு. துடைக்க மனசு வரல."

"நல்லதாப் போச்சு" என்றாள் பவானேஸ்வரி. ஏன் நல்லது என்று சொல்லவில்லை. எழுந்து போகும்போது தேவிஸ்ரீயின் தோளைத் தொட்டாள். "ஒண்ணு மட்டும் பண்ணு. நான் போன் பண்ணுனா, பயப்படாம நேரா போலிஸ் பாலாய்க்குப் போய் இன்ஸ்பெக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லு. நீ சொன்ன பொய்யையும் சேர்த்து."

*

சிவசாமியின் லோரி யார்டு செர்காம் கடற்கரைச் சாலையில் இருந்தது. சிவசாமி மலாக்கா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். யார்டை இப்போது பார்ப்பது அவருடைய அக்காள் மகன் நிவேந்திரன். குத்தியதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சியும் அவன்தான்.

"வாங்கக்கா, வாங்க ப்ரோ" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். நல்ல சட்டை, நல்ல வாசனை. வலது கையில் மட்டும் நாலு விரலுக்கும் சேர்த்து வெள்ளைக் கட்டு.

"கையில என்ன தம்பி?"

"பூஜைக்குப் பூசணிக்காய் வெட்டுனேன்க்கா. பாராங் கத்தி நழுவிருச்சு."

கட்டுப் போட்ட கையாலேயே ஒரு பேனாவை எடுத்து நடந்ததை நடித்துக் காட்டினான். மழை. லோரியெல்லாம் வெளியே. விமலனும் மாமாவும் வாக்குவாதம். மாவுக்கட்டுக் கை நெஞ்சோடு தொங்க, விமலன் மற்றக் கையைப் பாக்கெட்டுக்குள் விடுகிறான்.

"கட்டைவிரல்ல ஒரே தள்ளு. டிக்! அவ்வளவுதான்க்கா. மாமா திரும்பக்கூட இல்ல."

அந்த 'டிக்'கை அவன் சொன்ன விதத்தில் குகனின் மயிர்க்கால்கள் நின்றன.

"வாக்குவாதம் எதுக்கு?" என்றாள் பவானேஸ்வரி.

"டீசல் திருட்டுக்கா. மாமா டேங்க் சாவியைத் தன்கிட்டயே வாங்கி வச்சுக்கிட்டாரு. விமலன் மேல சந்தேகம்."

"கை ஒடிஞ்சதிலேர்ந்து விமலன் கேட்டுலதானே உக்காந்திருக்கான்? அதுக்கு முன்னாடி சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

நிவேந்திரன் சிரித்தான். கொஞ்சம் தாமதமாக. "என்கிட்டதான். குடும்பம்லா."

யார்டில் லோரிகள் வரிசையாக நின்றன. ஒரு வாரமாகத் தினமும் மழை. இருந்தும் ஒவ்வொரு லோரியின் கண்ணாடியிலும் கதவிலும் சந்தனப் பொட்டு மஞ்சள் மாறாமல் ஜொலித்தது.

"அலாமாக்! என் கார்ல வச்ச பொட்டு அன்னிக்கு மழையிலேயே அழுது வடிஞ்சு காரே மஞ்சக்காமாலை மாதிரி ஆயிருச்சு" என்றான் குகன். "உங்க சாமிக்கு மட்டும் ரெயின்கோட்டா ப்ரோ?"

"நான் வச்ச பொட்டு ப்ரோ. நிக்கும்" என்றான் நிவேந்திரன் பெருமையாக.

பவானேஸ்வரி ஒரு லோரிக் கதவில் சாய்ந்து, சும்மா நிற்பவள் மாதிரி நின்று, பொட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். புதிதாக ஒரு ஆசாம் போயை வாயில் போட்டுக்கொண்டாள்.

காரில் ஏறியதும் கேட்டாள்: "குகா, நீ பூசணிக்காய் வெட்டுனா எந்தக் கையில வெட்டுவ?"

"நான் கடையில வெட்டுனதுதான்க்கா வாங்குவேன்."

வழியில் ஓரிடத்தில், காலையில் தேவிஸ்ரீ வீட்டு வாசலுக்கு எதிரே நின்ற சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று, இப்போது பின்கண்ணாடியில் தெரிந்தது. குகன் பார்த்தான். அது ஒரு லோரிக்குப் பின்னால் மறைந்தது. தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பயப்படும்போதெல்லாம் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற பொய் அது.

*

"ப்ரோ."

முனியாண்டி மேடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"உள்ள ஒக்காந்து என்னா பண்றீங்க? வேண்டுதலா?"

குகன் மெல்ல எழுந்தான். எழாமல் இருந்தால் மேடையைச் சுற்றி வந்துவிடுவான் என்று தோன்றியது. நிவேந்திரன் எல்லைக்கல்லுக்கு உள்ளே நின்றான். காலில் பூட்ஸ். கழற்றவே இல்லை. அவனுக்குப் பின்னால் சிவப்பு மோட்டார் சைக்கிள். அதன் முன்விளக்கிலும் ஒரு சந்தனப் பொட்டு.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க ப்ரோ. சாமி இடம்" என்றான் குகன்.

"கார்ல அக்கா இல்லையே. கதவு திறந்து கெடக்கு."

ஹாரன் பாதியில் அறுந்தது. திறந்து கிடக்கும் கதவு.

"அக்காவை என்னடா பண்ணுன?"

"நான் ஒண்ணும் பண்ணல. இனிமேதான்." நிவேந்திரன் ஓரடி முன்னால் வந்தான். "கையில என்னா?"

"பிரசாதம்."

"எனக்கும் கொஞ்சம் குடுங்க."

கட்டுப் போட்ட கை பாக்கெட்டுக்குள் போனது. வெளியே வந்தது.

டிக்.

குகன் தன் கையைப் பார்த்தான். கத்தி அவன் கையில்தான் இருந்தது. நிவேந்திரன் கையிலும் அதே கத்தி! அதே சாம்பல் நிறம், அதே வளைவு. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவனுடையது திறந்திருந்தது.

"பாசார் மாலாம்" என்றான் நிவேந்திரன் சிரிப்போடு. "மீ கோரிங் விலை. அந்த முட்டாளோ ஒரு மாசச் சம்பளத்தைக் குடுத்தான். குடு ப்ரோ. கடல்ல போட்டுட்டுப் போயிடறேன். அந்தக் கத்தி கிடைக்காத வரைக்கும் நான் சொன்னதுதான் நடந்தது."

"நான் குடுக்கலன்னா?"

"அப்ப உன்னோட சேத்துப் போட வேண்டியதுதான்."

ஓட முடியாது. பின்னால் முள்ளும் மட்டையும், காலோ வெறுங்கால். கையில் மட்டும் விலை உயர்ந்த கத்தி ஒன்று இருக்கிறது. விமலன் யார்டு முழுக்கக் காட்டிய கத்தி. ஒரு விரல் போதும்.

கட்டைவிரலைக் குமிழில் வைத்துத் தள்ளினான்.

திறக்கவில்லை.

பல்லைக் கடித்துத் தள்ளினான். நகம் பிளந்தது. கத்தி அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, அலகின் முதுகைக் கிள்ளி இழுத்தான். வியர்வையில் வழுக்கியது. கல்லுக்குள் வைத்து வார்த்த மாதிரி அலகு கைப்பிடிக்குள்ளேயே கிடந்தது. ஒரு மாதச் சம்பளம்! இந்த நேரத்துக்கென்றே வாங்கிய பொருள் இந்த நேரத்தில் திறக்கவில்லை!

நிவேந்திரன் வாய்விட்டுச் சிரித்தான். "ஒரு விரல்ல திறக்குமாம்லா! பாரு, இப்படித்தான் திறக்கணும்." தன் கத்தியை மடக்கினான். டிக். மறுபடி மடக்கினான். டிக்.

"அதை ரொம்ப மடக்காத தம்பி" என்றது ஒரு குரல் செம்பனை மரங்களுக்குள்ளிருந்து. "போன தடவை அது தானா மடங்குனப்ப ரொம்ப வலிச்சிருக்குமே."

கறிவேப்பிலை விலை கேட்கிற அதே குரல்.

பவானேஸ்வரி மட்டைகளை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் மடக்கிய குடை. மூச்சு வாங்கியது. எல்லைக்கல்லில் நின்று, பதற்றமே இல்லாமல் செருப்பைக் கழற்றினாள். குகனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்கக்கா போனீங்க?"

"மேட்டுக்கு. அங்கதான் லைன் கெடைச்சுது. ஹாரனை அழுத்திக்கிட்டே நின்னா போன் பண்ண முடியுமா?" நிவேந்திரன் பக்கம் திரும்பினாள். "தம்பி, பூசணிக்காயை எந்தக் கையில வெட்டுன?"

"என்னா?"

"காலையில பேனாவை வலது கையில எடுத்த. இப்ப கத்தியும் வலது கையில. அப்ப பாராங்கும் வலது கையிலதான் இருந்திருக்கும். நழுவுனா காயைப் பிடிச்சிருந்த எடது கையில்ல வெட்டுப்படணும்? பாராங் பிடிச்ச கையோட நாலு விரலும், அதுவும் உள்பக்கமா எப்படிப்பா வெட்டுப்படும்?"

நிவேந்திரனின் கண்கள் தன்னையறியாமல் கட்டுக்குப் போயின.

"இதே இடத்துல, இதே மாதிரி இன்னொருத்தருக்குத் தழும்பு இருக்கு. விமலனுக்கு. பாசார் மாலாம் கத்தியில பெல்ட்டை அறுக்கப் போய் வந்தது. நீ பெல்ட்டை அறுக்கல. மாமாவைக் குத்துனப்ப கத்தி விலா எலும்புல பட்டிருச்சு. பூட்டு விட்டுருச்சு. மலிவுக் கத்தி வச்சிருக்கவனத்தான் வெட்டும்னு விமலன் சொன்னான். நீ கேட்டிருக்கலாம்."

மழையின் முதல் துளிகள் மட்டைகளில் பொட்டுப் பொட்டென்று விழுந்தன. நிவேந்திரனின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கோ போய்விட்டது. சிரித்தபோது இருந்ததைவிட இப்போது அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"பேசுங்கக்கா" என்றான். "செம்பனைக்குள்ள யாரு கேக்கப் போறா?"

பாய்ந்தான். பவானேஸ்வரி மேல் அல்ல, குகன் மேல்.

குகனுக்கு யோசிக்க நேரமில்லை. கைக்கு எட்டியது மேடையில் இருந்த பித்தளைத் தட்டு. தேங்காய் மூடியும் திருநீறுமாக அதை வாரி நெஞ்சுக்கு முன்னால் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

'ணங்' என்ற சத்தம். அதைத் தொடர்ந்து ஓர் அலறல்.

அலறல் தன்னுடையதுதான் என்று குகன் முதலில் நினைத்தான். கண்ணைத் திறந்தான். நிவேந்திரன் மண்டி போட்டிருந்தான். தட்டில் மோதிய கத்தி மடங்கி, பழைய கட்டுக்குள்ளேயே மறுபடி கடித்திருந்தது. வெள்ளைக் கட்டு சிவந்துகொண்டே வந்தது. கத்தி மண்ணில் விழுந்தது. பவானேஸ்வரி குடை நுனியால் அதைத் தள்ளி எட்டாத இடத்தில் சேர்த்தாள்.

"முனியாண்டி தட்டு" என்றான் குகன், பல் கிட்டித்தபடி. "இதுக்கு எவ்வளவு வெலைன்னாலும் குடுக்கலாம்க்கா. ஆனா இந்தக் கத்தி இருக்கே," என்று கையிலிருந்ததை நீட்டினான், "இது ஒரு மண்ணுக்கும் ஆகாது! உயிர் போற நேரத்துல திறக்கவே இல்ல!"

பவானேஸ்வரி அவனையே பார்த்தாள். அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவள் முகம் மலர்ந்தது.

"திறக்கலையா? நிச்சயமா?"

"ரெண்டு கையாலயும் இழுத்தேன்."

"இன்னொரு தடவை சொல்லு. சத்தமா சொல்லு."

ஏன் சத்தமாக என்று குகனுக்கு அப்போதுதான் புரிந்தது. செம்மண் பாதையில் ஜீப் விளக்கு இரண்டு ஆடி ஆடி வந்து எல்லைக்கல்லில் நின்றது. முதலில் இறங்கியவள் தேவிஸ்ரீ; கோயிலுக்குக் கிளம்பும்போதே பவானேஸ்வரி போன் போட்டு அவளைப் பாலாய்க்கு அனுப்பியிருந்தாள், மேட்டிலிருந்து கூப்பிட்டது சீக்கிரம் வரச் சொல்லத்தான். அவளுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டரும் இரண்டு போலிஸ்காரர்களும். தேவிஸ்ரீ அழவில்லை. தான் சொன்ன பொய்யையும் உண்மையையும் பாலாயில் சொல்லிவிட்டு வந்தவளின் நிமிர்வு அவளிடம் இருந்தது. ஆனாலும் குகன் கையிலிருந்த கத்தியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தன் புருஷனைக் காப்பாற்றுமா, சிறைக்குள் தள்ளுமா என்று அவளுக்கு இன்னும் தெரியாத கத்தி.

"இதான் விமலன் கத்தி, டுவான்" என்றாள் பவானேஸ்வரி. "திறந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் கையுறை போட்டுக்கொண்டு வாங்கினார். கட்டைவிரலால் தள்ளினார். புருவம் சுருங்கியது. இரண்டு கையாலும் முயன்றார். பலசாலியான போலிஸ்காரர் ஒருவரும் முயன்றார். அலகு இம்மியும் நகரவில்லை.

"அலகு மடங்குற அச்சு மேல பாருங்க. சந்தனம் நேரா அதுக்குள்ள எறங்கியிருக்கு. நகத்தால சுரண்டுங்க. உதிராது. கல்லு."

"சந்தனம் எப்படிக்கா கல்லாகும்?" என்றான் குகன். "விரல் பட்டாலே தூளாப் போகுமே."

"அதான் என்னோட கேள்வியும். யார்டுல லோரியில இருக்கிற பொட்டும் இதே மாதிரிதான். ஒரு வாரம் மழையில நனைஞ்சும் உதிரல. அந்தச் சந்தனத்துல வேற என்னமோ இருக்கு. அது அச்சுக்குள்ள எறங்கிக் காஞ்சிருச்சு. மட்டமான கத்தின்னா அலகு லொடலொடன்னு ஆடும், ஒரு உலுக்குல எல்லாம் ஒடைஞ்சு திறந்திருக்கும். இது அப்படி இல்ல. மயிரிழைகூட இடம் விடாம நெருக்கிச் செஞ்ச கத்தி. அதனாலதான் எறங்குனது அப்படியே கவ்விப் பிடிச்சிருச்சு." தேவிஸ்ரீ பக்கம் திரும்பினாள். "குடுத்த வெலைக்கு வேலை செஞ்சிருக்கும்மா உன் புருஷன் கத்தி. பூஜை அன்னிக்குப் பொட்டு வச்சதிலேர்ந்து இது திறக்கவே இல்ல. குத்துனது மறுநாள்."

தேவிஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் கத்தியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இதை இந்தம்மாவே அப்புறமா வச்சிருக்கலாமே?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி.

"வச்சிருக்கலாம்" என்றாள் பவானேஸ்வரி. "அந்தச் சந்தனத்துல என்ன கலந்திருக்குன்னு இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா. பூஜைக் கிண்ணத்துல கலந்தவருக்கு மட்டும்தான் அது தெரியும்."

மழை வலுத்தது. மண்டி போட்டிருந்த நிவேந்திரன், சிவக்கும் கையை நெஞ்சோடு அணைத்தபடி, தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். முன்விளக்கில் தண்ணீர் வழிந்து ஓடியது. அதன் நடுவே பொட்டு மட்டும் கரையாமல், புதிதாக வைத்தது மாதிரி மஞ்சளாக நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவன் உதடுகள் வெளுத்தன.

"மழையில போயிடக் கூடாதுன்னு," என்றான், யாரிடமோ நியாயம் கேட்பவன் மாதிரி, "சந்தனத்துல மரம் ஒட்டுற வெள்ளை கம்மைக் கரைச்சேன். யாருக்கும் சொல்லல. எல்லாச் சாமானுக்கும், அவன் கத்திக்கும், நான்தான் பொட்டு வச்சேன்."